முப்பத்தொன்பதாவது மூச்சு

ஆரல்வாய்மொழியில் காற்று அடிக்காத ஒரே இடத்தை அரசாங்கம் மூன்று வருஷம் பாடுபட்டுக் கட்டி முடித்தது. அதற்கு 'மாருதம்' என்று பேரும் வைத்தது.

மற்றபடி அந்தக் கணவாயில் காற்றுக்குப் பஞ்சம் கிடையாது. ஆடி மாதம் பைக்கில் போகிறவனை ரோட்டின் அந்த ஓரத்திலிருந்து இந்த ஓரத்துக்குத் தள்ளிவிடும். பஸ் நிறுத்தத்தில் நிற்கிற பெண்கள் ஒரு கையால் பையையும் மறு கையால் சேலையையும் பிடித்துக்கொண்டு, கண்ணில் விழும் முடியை ஒதுக்க இன்னொரு கை இல்லாமல் தவிப்பார்கள். பார்க்கிற பக்கமெல்லாம் காற்றாலைகள். அவ்வளவு காற்றும் மாருதத்தின் கண்ணாடிச் சுவரில் வந்து முட்டி, உள்ளே போக வழியில்லாமல் ஊளையிட்டுக்கொண்டு சுற்றிப் போகும். கட்டிடத்தில் இருநூற்றுப் பன்னிரண்டு ஜன்னல்கள். ஒன்றைக்கூடத் திறக்க முடியாது.

மாருதம் என்பது பசுமைக் கட்டிட வாரியத்தின் அலுவலகம். குறைந்த கரண்டில் அலுவலகங்களைக் குளிரவைப்பது எப்படி, காற்றோட்டம் கொடுப்பது எப்படி என்று ஊருக்கெல்லாம் சொல்லிக்கொடுப்பது வாரியத்தின் வேலை. அதன்படி வரைபடம் போடாதவர்களின் மனுவைத் திருப்பி அனுப்புவது அதைவிட முக்கியமான வேலை. முன்பு வாரியம் தக்கலையில் ஒரு ஓட்டுக் கட்டிடத்தில் இருந்தது. மேற்கு ஜன்னலைத் திறந்தால் காற்று வரும், கிழக்கு ஜன்னல் வழியாகப் போய்விடும். இது தன்னால் நடந்துகொண்டிருந்ததால் வாரியம் இதைப் பொருட்படுத்தவில்லை.

சுபிதாவுக்கு அந்த வாரியத்தில் ஒப்பந்த வேலை. அருமனையில் அவள் அப்பா ரப்பர் பால் வெட்டுகிறவர். அந்த வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் அவள்தான்; இயற்பியல் பட்டம். அலுவலகம் ஆரல்வாய்மொழிக்கு மாறிய பிறகு விடியுமுன்னே கிளம்பி மூன்று பஸ் மாறி வருகிறாள். ஒப்பந்தம் இந்த மாதத்தோடு முடிகிறது. மாருதத்துக்குப் பிளாட்டினம் சான்றிதழ் கிடைத்ததும் புதுப்பித்துத் தருவதாக இயக்குநர் முருகதாஸ் சொல்லியிருந்தார். அவளுடைய புதுப்பிப்பு உத்தரவு அவர் மேஜை இழுப்பறையில் தயாராக இருந்தது. அவர் கையெழுத்துத்தான் பாக்கி.

சான்றிதழுக்கு ஒரு படிவம் உண்டு. பனி பெய்கிற ஏதோ நாட்டில் தயாரான படிவம். அதில் 'வெப்பமூட்டல்' என்று ஒரு பத்தி. காலியாக விட்டால் எட்டுப் புள்ளி போய்விடும். எனவே ஹீட்டர் வாங்கினார்கள். வாங்கிய ஹீட்டர் ஓட வேண்டும். ஆனால் உள்ளே பதினெட்டு டிகிரிக்குக் கீழே போனால்தான் அது ஓட ஆரம்பிக்கும். எனவே காலை பத்து மணியிலிருந்து பன்னிரண்டு வரை ஏசியை முழுசாக ஓடவிட்டுக் கட்டிடத்தைப் பதினாறுக்கு இறக்கினார்கள். பன்னிரண்டிலிருந்து இரண்டு வரை ஹீட்டரைப் போட்டு முப்பதுக்கு ஏற்றினார்கள். இந்த ஹீட்டர் சாதாரண ஹீட்டரைவிட எவ்வளவு கரண்டை மிச்சப்படுத்தியது என்று மாதாமாதம் அறிக்கை போனது. ஊழியர்கள் காலையில், கல்ஃபிலிருந்து அண்ணன்மார் கொண்டுவந்த கம்பளியைப் போர்த்திக்கொண்டு தட்டச்சு செய்தார்கள். மத்தியானம் பைல் அட்டையால் விசிறிக்கொண்டு தட்டச்சு செய்தார்கள்.

"நம்ம மாவட்டத்துல குளிர் கிடையாது. அது இயற்கை நமக்குச் செஞ்ச அநீதி" என்று திங்கள்கிழமைக் கூட்டத்தில் முருகதாஸ் பேசினார். "அந்த அநீதியை இந்தக் கட்டிடம் சரிசெய்யுது. முதல்ல குளிரைத் தருது, அப்புறம் அந்தக் குளிரிலிருந்து நம்மைக் காப்பாத்துது. ஒரு அரசாங்கம் மக்களுக்கு இதுக்கு மேல என்ன செய்ய முடியும்?"

கை தட்டினார்கள். கை தட்டினால் கொஞ்சம் சூடாகவும் இருந்தது.

அடுத்தது மூச்சு. மனுஷர் விடுகிற மூச்சில் கரியமில வாயு இருக்கிறது என்பதை வாரியம் கண்டுபிடித்தது. வரவேற்பறையில் ஒரு பலகை. அதில் உள்ளே எவ்வளவு கரியமில வாயு என்று சிவப்பு எண்கள் ஓடும். ஆயிரத்தைத் தாண்டினால் யந்திரம் வெளிக்காற்றை உள்ளே இழுக்கும். இழுத்தால் கரண்டு செலவாகும். செலவானால் புள்ளி குறையும். ஆகவே பொதுமக்கள் உள்ளே வருவது புள்ளிக்குக் கேடு என்று முடிவாகி, சுற்றறிக்கை வந்தது: ஒரு மனுதாரர் உள்ளே வந்தால் ஒரு ஊழியர் வெளியே போக வேண்டும்.

தோவாளைப் பூக்கடை முத்துநாயகம் இப்படித்தான் ஒருநாள் உள்ளே வந்தார். அவரைப் பார்க்க வேண்டிய ஊழியர் அவர் வருவதற்காக வெளியே போய்விட்டார். ஊழியர் உள்ளே வந்தபோது முத்துநாயகத்தை வெளியே அனுப்பினார்கள். மூன்றாவது தடவை கண்ணாடிக் கதவின் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் நின்று இரண்டு பேரும் செல்போனில் பேசிக்கொண்டார்கள். கடைசியில் சுபிதாதான் அவர் மனுவுக்கான பதில் தாளை வாங்கிப் படித்துச் சொன்னாள்.

"அண்ணாச்சி, உங்க பூ கோடவுன் பிளான் தள்ளுபடி ஆயிருக்கு. ஆறு ஜன்னல் இருக்காம்."

"ஏம் மக்கா, பூவுக்குக் காத்து வேண்டாமா? மூடி வச்சா பிச்சி எல்லாம் உச்சைக்குள்ள அவிஞ்சு போவுமே."

"திறக்கிற ஜன்னல் திறன் குறைவாம் அண்ணாச்சி."

முத்துநாயகம் மாருதத்தை அடியிலிருந்து நுனி வரை பார்த்தார். "அப்பம் உங்கள எல்லாம் எத்தன மணிக்கு அவிச்சு எடுப்பாவ?"

சுபிதாவுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் மூச்சு கூடுதலாகப் போகும் என்பதால் அடக்கிக்கொண்டாள்.

இந்த மூச்சுக் கணக்குக்கு 'வாசிகள் பட்டியல்' என்று ஒரு பதிவு இருந்தது. கட்டிடத்தில் மூச்சு விட உரிமை உள்ளவர்களின் பேர்கள், மொத்தம் முப்பத்தெட்டு. அதைக் கணினியில் வைத்துக்கொள்வது சுபிதாவின் பொறுப்பு. துப்புரவு செய்கிற சத்தியபாயின் பேர் அதில் இல்லை.

சத்தியபாய்க்கு வயது ஐம்பத்திரண்டு. வீசிங் உண்டு. தக்கலை அலுவலகத்தில் தூத்துப் பெருக்கி முடித்ததும் ஜன்னலோரம் நின்று இரண்டு மூச்சு இழுத்துவிடுவாள், சரியாகிவிடும். இங்கே மூடிய அறையில் தூசி போக இடமில்லாமல் அவள் நெஞ்சுக்குள்ளேயே போனது. அதனால் மணிக்கு ஒரு தடவை கதவைத் திறந்து வெளியே போய் நின்று காற்று வாங்கிக்கொண்டு வந்தாள். கதவு திறப்புப் பதிவேட்டில் அது ஏறியது. நாளொன்றுக்கு ஒன்பது திறப்பு. குளிர்ந்த காற்றை வீணடித்ததாக மெமோ வந்தது: இனி நாளைக்கு இரண்டு தடவைதான். வெளியாட்கள் பை கொண்டுவரக் கூடாது என்று இன்னொரு உத்தரவு. அதனால் அவளுடைய இன்ஹேலர், சோற்றுப் பாத்திரத்தோடு காவலர் ஷெட்டில் இருந்தது.

"ரெண்டு தடவ வெளிய போனா எப்பிடி மக்கா காணும்? எனக்கு நெஞ்சு கேக்காண்டாமா?" என்று சத்தியபாய் கேட்டாள். கேட்கும்போதே இளைத்தது.

சுபிதா செயற்பொறியாளர் ஞானசிங்கிடம் போனாள்.

"சார், பட்டியல்ல சத்தியபாய் அக்கா பேரு இல்ல."

"எப்பிடிம்மா இருக்கும்? அவ ஒப்பந்தக்காரன் ஆளுல்லா?"

"மூச்சு இங்ஙணதான சார் விடுகா?"

"விடட்டும். யாரு வேண்டாம்னா? ஆனா முப்பத்தெட்டுப் பேருக்குத்தான் காத்து டிசைன் பண்ணியிருக்கு. ஒப்பந்தத்துல தெளிவா எழுதியிருக்கு: துப்புரவுக்குத் தேவையான எல்லாத்தையும் ஒப்பந்தக்காரரே கொண்டுவரணும்."

"காத்துமா சார்?"

ஞானசிங் நேர்மையான மனுஷர். கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "காத்து நீங்கலாகன்னு அதுல போடல்லியே."

சுபிதா ஒரு ஜன்னலாவது திறக்கும்படி இருக்கலாமே என்று எழுதிக் கொடுத்தாள். எட்டாம் நாள் பதில் வந்தது. ஜன்னல் திறப்பது பற்றிய கருத்துகளை வசதித் திருப்திப் படிவத்தில் தெரிவிக்கலாம் என்றும், வசதித் திருப்திப் படிவம் வாசிகளுக்கு மட்டுமே உரியது என்றும், வாசிகள் எவரும் திருப்தியின்மை தெரிவிக்காததால் அனைவரும் திருப்தியாக இருப்பதாகவும் அதில் கண்டிருந்தது. யாரும் தெரிவிக்கவில்லை என்பது உண்மை. படிவத்தில் 'மிகத் திருப்தி', 'திருப்தி' என்று இரண்டு கட்டம்தான் இருந்தது.

சான்றிதழ் மதிப்பீட்டாளர் சிவபிரசாத் ஆடி கடைசி வெள்ளிக்கிழமை வந்து சேர்ந்தார். கழுத்தில் டை. காரிலிருந்து இறங்கியதும் டை காற்றில் எழும்பி முகத்தில் அறைந்தது. அதைப் பிடித்துக்கொண்டே உள்ளே ஓடி வந்து, "என்ன காத்து சார் இது! இதிலிருந்து கட்டிடத்தை நல்லாப் பாதுகாத்திருக்கீங்க" என்றார்.

அன்றைக்குக் கடைசிச் சோதனை. கசிவுச் சோதனை என்று பேர். எல்லாக் கதவையும் அடைத்து, ஏசியையும் காற்று யந்திரத்தையும் நிறுத்தி, முப்பது நிமிஷம் கட்டிடத்தில் ஒரு பொட்டுக் காற்று உள்ளே வருகிறதா, வெளியே போகிறதா என்று கருவி வைத்துப் பார்ப்பார்கள். வாசிகள் முழு எண்ணிக்கையில் உள்ளே இருக்க வேண்டும். நடுவில் கதவைத் திறந்தால் தோல்வி; மறுபடி விண்ணப்பிக்க ஒரு வருஷம் ஆகும்.

முப்பத்தெட்டுப் பேரும் கீழ்த்தளக் கூட்ட அரங்கில் கூடினார்கள். கட்டுப்பாட்டு யந்திரம் அங்கேதான் சுவரில் இருந்தது. வெள்ளிக்கிழமை தோறும் முருகதாஸ் அதற்குப் பூஜை போடுவார். சந்தனம் குங்குமம் வைத்து வைத்து அதன் பாதிப் பொத்தான்கள் தெரியாமல் போயிருந்தன. சோதனை நாள் வேறு வெள்ளிக்கிழமையாக அமைந்துவிட்டது, சும்மா விடுவாரா? கற்பூரம், ஊதுபத்தி, ஒரு தேங்காய், பெரிய மண்தட்டு நிறையச் சாம்பிராணி. தேங்காயைச் சோதனை வென்ற பிறகு உடைப்பதாக ஏற்பாடு.

"சார், புகை வேண்டாம். யந்திரமும் ஓடாது, கதவும் திறக்காது. புகை எங்ங போவும்?" என்றாள் சுபிதா.

"அதெல்லாம் ஞானசிங் பாத்துக்கிட்டாரு" என்றார் முருகதாஸ். ஞானசிங் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். மேலே புகை காட்டும் கருவியை ஒரு பிளாஸ்டிக் கவரால் மூடி ரப்பர் பேண்டு போட்டிருந்தார்.

சாம்பிராணித் தட்டைப் பிடிக்க ஆள் வேண்டும். வாசிகள் எல்லாரும் நல்ல துணி உடுத்தி வந்திருந்ததால் சத்தியபாயைக் கூப்பிட்டு அவள் கையில் கொடுத்தார்கள். பூஜை முடிந்தது. முடிந்ததும் நியாயத்துக்கு ஞானசிங்கும் ஒரு ஜெபம் செய்ய வேண்டும் அல்லவா? அவர் கண்ணை மூடி, "கர்த்தாவே, இந்தக் கட்டிடத்துக்குள் உம்முடைய ஜீவசுவாசத்தை ஊதும்" என்று ஆரம்பித்துப் பதினைந்து நிமிஷம் ஜெபித்தார். அதுவரை சத்தியபாய் தட்டோடு நின்றாள். ஜெபம் நடக்கும்போது எப்படி நகர்வது?

ஆமென் சொன்னதும் சிவபிரசாத் பொத்தானை அழுத்தினார். கதவுகள் பூட்டிக்கொண்டன. ஏசியின் சத்தம் நின்றது. கட்டிடம் கட்டிய நாளிலிருந்து முதல் தடவையாக உள்ளே இருந்தவர்களுக்கு வெளியே அடிக்கிற காற்று கேட்டது.

எட்டாவது நிமிஷம் சத்தியபாய் தட்டைக் கீழே வைத்துவிட்டுச் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்தாள். பத்தாவது நிமிஷம் அவள் மூச்சு, பழைய சைக்கிள் பம்பு போலக் கீச்சிட்டது.

சுபிதா ஓடிப்போய்த் தாங்கினாள். "அக்கா, மருந்து எங்க?"

"ஷெட்டுல... பையில..."

"சார், கதவத் திறங்க. இவளுக்கு இளைக்கு. மருந்து வெளிய இருக்கு."

முருகதாஸ் மதிப்பீட்டாளரைப் பார்த்தார். மதிப்பீட்டாளர் கருவியைப் பார்த்தார். "பூஜ்ஜியம் சார். ஒரு சொட்டுக் கசிவு இல்லை. இந்த மாதிரி ரிசல்ட்டை நான் இந்தியாவில் எங்கேயும் பார்த்ததில்லை."

"இருபது நிமிஷம்தானம்மா" என்றார் முருகதாஸ். "மூணு வருஷ உழைப்பு. கொஞ்சம் பொறுத்துக்கிடச் சொல்லு."

"எதப் பொறுக்கச் சொல்ல? மூச்சையா?"

"இந்தப் பெண்மணி பட்டியலில் இருக்காங்களா?" என்று சிவபிரசாத் கேட்டார்.

"இல்ல சார்" என்றார் ஞானசிங் அவசரமாக. "வெளியாள்."

"நல்லவேளை" என்றார் சிவபிரசாத். "வாசிகளில் ஒருத்தருக்கு உடல்நலக் குறைவுன்னா நான் எழுதியாகணும்."

முருகதாஸ் குனிந்து, சுபிதாவுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்: "உன் ஆர்டர் என் டிராயர்ல இருக்கு. சாயங்காலம் கையெழுத்துப் போட்டுரலாம். நீ படிச்ச பொண்ணு. உனக்குப் புரியணும்."

சுபிதாவுக்குப் புரிந்தது. அந்தக் கட்டிடத்தில் அதுவரை புரியாமல் இருந்ததெல்லாம் அந்த ஒரு நொடியில் புரிந்தது. சத்தியபாயின் உதடு நீலம் பாரித்துக்கொண்டிருந்தது. அவள் சுபிதாவின் துப்பட்டாவைப் பிடித்திருந்தாள், பேச்சு வரவில்லை.

சுவரில் ஒரு பலகை இருந்தது. 'அவசர காலத்தில் சுத்தியலால் கண்ணாடியை உடைக்கவும்.' அதன் கீழே சின்ன எழுத்தில் 'இயக்குநரின் எழுத்துப்பூர்வ அனுமதி பெற்று.' சுத்தியல் அங்கே இல்லை. யாராவது எடுத்துக்கொண்டு போய்விட்டால் இருப்புக் கணக்கில் உதைக்கும் என்று ஞானசிங் அதை அலமாரியில் வைத்துப் பூட்டியிருந்தார்.

சுபிதா பூஜைத் தேங்காயை எடுத்து மேற்கு ஜன்னலில் ஓங்கி எறிந்தாள். தேங்காய் உடைந்தது. தண்ணீரும் சில்லும் முருகதாஸின் சட்டையில் தெறித்தன. ஜன்னல் அப்படியே இருந்தது.

"ஏய், என்ன செய்யுதா இவ!"

அவள் மூலையில் இருந்த தீயணைப்பு சிலிண்டரைத் தூக்கினாள். இந்த மாதிரிக் கண்ணாடியை நடுவில் அடித்தால் உடையாது, விளிம்பில் அடிக்க வேண்டும் என்று கல்லூரியில் படித்திருந்தாள். அப்பா பால் வெட்டிக் கட்டிய பீஸ் முதன்முதலாக ஒரு உபயோகத்துக்கு வந்தது. ஓரத்தில் ஒரு அடி. இரண்டு. மூன்றாவது அடியில் அந்த ஆளுயரக் கண்ணாடி முழுக்கப் பொடிப்பொடியாகிப் பொலபொலவென்று கொட்டியது.

காற்று வந்தது.

இத்தனை நாள் வெளியே நின்ற காற்று. புகையை ஒரே வாரில் அள்ளியது. மதிப்பீட்டாளரின் டையைத் தோளுக்குப் பின்னால் தூக்கி எறிந்தது. மேஜைகளில் அடுக்கியிருந்த கோப்புகளைப் பிரித்து, மனுக்களை ஒவ்வொன்றாக உருவி, சுழற்றி, வந்த வழியே வெளியே கொண்டுபோனது. காற்றாலைகளை நோக்கி நூற்றுக்கணக்கில் தாள்கள் பறந்தன. அந்த வருஷம் அந்த அலுவலகத்தை விட்டு அவ்வளவு வேகமாக வெளியே போன மனுக்கள் அவை மட்டும்தான்.

சுபிதா ஜன்னல் வழியாகக் குதித்து ஷெட்டுக்கு ஓடி மருந்தைக் கொண்டுவந்தாள். சத்தியபாய் இரண்டு தடவை இழுத்தாள். பிறகு உடைந்த ஜன்னலுக்கு எதிரே தலையைத் தூக்கி, வாயைத் திறந்து, தண்ணீர் குடிக்கிறதுபோலக் காற்றைக் குடித்தாள். கால் மணி நேரத்தில் முகத்தில் நிறம் வந்தது.

"செத்திருப்பேன் மக்கா" என்றாள்.

இவர்கள் இரண்டு பேரையும் யாரும் பார்க்கவில்லை. எல்லாரும் சுவரிலிருந்த யந்திரத்தைச் சுற்றி நின்றார்கள். கரியமில வாயு மளமளவென்று இறங்கி நானூற்றுச் சொச்சத்தில் நின்றது. வெப்பம் இருபத்தேழு, கம்பளியும் வேண்டாம், விசிறியும் வேண்டாம். கரண்டு செலவு பூஜ்ஜியம்.

சிவபிரசாத் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டு பார்த்தார். "சார்... இதை எப்படிச் செஞ்சீங்க?"

முருகதாஸ் சட்டையிலிருந்த தேங்காய்ச் சில்லைத் தட்டிவிட்டார். அவர் முப்பது வருஷம் அரசாங்க வேலை பார்த்தவர். மூன்று நொடிதான் எடுத்துக்கொண்டார்.

"இது ரொம்ப நாளா எங்க வாரியம் ஆராய்ச்சி பண்ணிட்டிருக்கிற விஷயம்" என்றார். "கட்டிடத்தில் ஒரு திறப்பு வச்சா, வெளியே இருக்கிற காத்து உள்ளே வரும்னு எங்களுக்கு ஒரு சந்தேகம் இருந்தது. இன்னைக்கு உங்க முன்னால நிரூபிச்சிருக்கோம்."

திறந்தது கதவு அல்ல, ஜன்னல் என்பதால் ஒரு வருஷம் காத்திருக்கும் விதி பொருந்தவில்லை; பிளாட்டினம் கிடைத்தது. புதுமைப் பிரிவில் தனி விருதும் கிடைத்தது. கசிவுச் சோதனையில் தோற்றதற்குப் போன புள்ளியைவிடக் கசிந்ததற்குக் கிடைத்த புள்ளி அதிகம்.

சோதனை நடந்த அன்று சாயங்காலமே முருகதாஸ் இழுப்பறையைத் திறந்து சுபிதாவின் உத்தரவை எடுத்தார். கிழித்துப் போட்டார். புது உத்தரவு மறுநாள் வந்தது. அரசு உடைமைக்குச் சேதம் விளைவித்தது, பூஜைப் பொருளை உரிய நேரத்துக்கு முன் உடைத்தது, அனுமதி இல்லாத வெளிக்காற்றை அலுவலக வளாகத்துக்குள் நுழையச் செய்தது ஆகிய காரணங்களால் அவள் பணி இத்துடன் முடிகிறது என்று அதில் கண்டிருந்தது. மூன்றாவது காரணத்தை அவள் இரண்டு தடவை படித்தாள். பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்தது. தக்கலை தாண்டும்வரை ஒன்றும் யோசிக்கவில்லை. வீட்டில் அப்பாவிடம் என்ன சொல்வது என்று அதற்குப் பிறகுதான் யோசித்தாள்.

இப்போது தக்கலையில் ஒரு ஜெராக்ஸ் கடையில் நிற்கிறாள். கடைக்கு ஷட்டர்தான், கதவு கிடையாது. ரோட்டுத் தூசி, பஸ் புகை, மழைச்சாரல் எல்லாம் தாராளமாக உள்ளே வரும். போன வாரம் முத்துநாயகம் ஆதார் நகல் எடுக்க வந்தார். ஆறு ஜன்னலோடே கோடவுனைக் கட்டிவிட்டாராம். "பிளான் பாஸாச்சா அண்ணாச்சி?" என்று கேட்டாள். "பாஸா? எம் மனுவ, முப்பந்தல் பக்கம் ஆடு தின்னுக்கிட்டு நிண்ணத நானே பாத்தேன். ஆட்டுக்கு ஆட்சேபணை இல்லைல்லா" என்றார்.

சத்தியபாய் அவ்வப்போது போன் பண்ணுவாள். முந்தாநாளும் பண்ணினாள். காவலர் ஷெட்டிலிருந்து, அன்றைய இரண்டு தடவையில் ஒன்று.

"ஏட்டி சுபிதா, விஷயம் அறிஞ்சியா? நீ உடைச்ச ஜன்னலப் பாக்க வெளியூர்ல இருந்து ஆபீசருமாரு வண்டி வண்டியா வாறாவ. பக்கத்துல பித்தளையில இயக்குநரு பேரப் போட்டு வச்சிருக்கு."

"உங்க பேரப் பட்டியல்ல சேத்தாவளா அக்கா? என் இடம் காலியாத்தான கிடக்கு?"

"காலியாத்தான் கிடக்கு. ஒரு ஆளு மூச்சு மிச்சம்னு போர்டுல எழுதியிருக்காவ மக்கா. அதுக்கும் என்னமோ புள்ளி உண்டாம்."

சுபிதா வெளியே வந்த நகல்களை எடுத்து அடுக்கினாள். ஜெராக்ஸ் யந்திரம் சூடாகி ஓடிக்கொண்டிருந்தது.

"போட்டும் அக்கா. அந்த ஜன்னல் பக்கத்துலயாவது போயி நில்லுங்க. காத்து நல்லா வரும்லா?"

"அது எங்க வருது? விருது வாங்கின ஜன்னலுல்லா. மழையும் தூசியும் பட்டுக் கெட்டுப் போவக் கூடாதுன்னு உள்பக்கமும் வெளிப்பக்கமும் புதுசாக் கண்ணாடி போட்டு அடச்சாச்சு. நல்ல கனமான கண்ணாடி. காலையும் சாயங்காலமும் அதத் தொடைக்கது எனக்க வேலை."

சொல்லும்போதே அவளுக்கு இளைத்தது. போனை வாயிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டு மருந்தை இழுக்கிற சத்தம் கேட்டது. பிறகு சொன்னாள்:

"ஆனா கண்ணாடியில காத வச்சா, காத்து அந்தாலப் போறது கேக்கு மக்கா."